மருதம்மாள் வெட்டிய செப்பு வளையங்கள்

ஐந்தாம் கட்டை ரப்பர்த் தோட்டத்தில் மருதம்மாளைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. பிடிவாதக்காரி என்பது ஒன்று. கைவேலை சுத்தம் என்பது இன்னொன்று. இரண்டிலும் பொய் இல்லை. அவள் சீவிய மரத்தில் உளி ஆழமாகப் பட்டுக் காயமாகிவிட்டது என்று மேற்பார்வை பார்க்கிற எந்தத் தண்டலும் குறை சொன்னதில்லை. ஒரு காரியம் உன்னால் ஆகாது என்று யாராவது சொல்லிவிட்டாலோ, அதை முடிக்கும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. இந்த இரண்டு குணமும் சேர்ந்துகொண்டு, ஜப்பான்காரன் காலத்தில், நாற்பத்து மூன்றாம் வருஷம், ஒரே வாரத்தில் அவளைப் பள்ளத்திலும் தள்ளின, மேலேயும் தூக்கிவிட்டன.

தோட்டம் செமிலிங் என்ற ஊருக்குப் போகிற மண்சாலையில் இருந்தது. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பால் எடுத்து யாருக்குக் கொடுப்பது என்று தெரியாத காலம். அரிசியும் கண்ணில் படுவதில்லை. அதனால் பாதி மரங்களைச் சாய்த்துவிட்டு மரவள்ளி போடச் சொல்லி உத்தரவு. மரம் சாய்ந்த நிலத்தை உழுவதற்கு மண்வெட்டி போதாது. துரை விட்டுவிட்டுப் போன பழைய டீசல் டிராக்டர் ஒன்று ஸ்டோர் கொட்டகையில் இருந்தது. ஒற்றைச் சிலிண்டர் வண்டி. அது ஓடினால் மெர்போக் ஆற்றங்கரை வரைக்கும் ‘டொப் டொப்’ என்று கேட்கும் என்று சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனால் காது கொஞ்ச நேரம் வேலை செய்யாது என்பது நிஜம்.

அதை ஓட்டத் தெரிந்தவன் தோட்டத்தில் ஒரே ஒரு ஆள். மருதம்மாளின் புருஷன் குழந்தைவேலு. அவனுக்கு உதவியாள் என்று யாரும் இல்லை, அவள்தான். டீசல் தீர்ந்தோ, ஃபில்டரைக் கழுவியோ வண்டி நின்றுவிட்டால், டேங்கை நிரப்பிவிட்டுச் சும்மா சுற்றினால் அது கிளம்பாது. பைப்புக்குள் காற்றுப் புகுந்திருக்கும். அந்தக் காற்றை ஒவ்வொரு இணைப்பாகத் திறந்து வெளியே விரட்ட வேண்டும். ஒருவர் பம்பின் கைநெம்பை அடிக்க வேண்டும், இன்னொருவர் ஸ்பானரோடு நட்டின் மேல் கைவைத்து, நுரை நின்று சுத்தமான எண்ணெய் வருகிற நொடியில் இறுக்க வேண்டும். குழந்தைவேலு நட்டில், மருதம்மாள் நெம்பில். ஆறு வருஷமாக அப்படித்தான். “புருஷனும் பொண்டாட்டியும் வண்டிக்கு வைத்தியம் பாக்குறாங்க” என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளமாட்டாள்.

அந்த வண்டிதான் குழந்தைவேலுவின் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. முதல் தடவை பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மாதத்தில் சம்பளத்தோடு வந்துவிடுவார்கள் என்றார்கள். கடுதாசிகூட வரவில்லை. இரண்டாவது பட்டியலில் இருபது பெயர் வேண்டும் என்று கேட்டபோது, வயது பார்த்து வரிசையாக எழுதிய தோட்டத்துக் கணக்கர், கிராணி தர்மலிங்கம், குழந்தைவேலுவின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறுக்குக்கோடு போட்டு, ‘டிராக்டர் ஓட்டி, தோட்டத்துக்குத் தேவை’ என்று எழுதினார். தோட்டத்தை மேய்த்த ஜப்பான்காரன் மொரிதாவும் அதை ஒத்துக்கொண்டான். அந்தக் குறுக்குக்கோடு இருந்தவரைக்கும் மருதம்மாள் நிம்மதியாகத் தூங்கினாள்.

அந்த இருபது பேரை ஏற்ற வெள்ளிக்கிழமை லாரி வருவதாக இருந்தது. அந்த வாரம் திங்கட்கிழமை குழந்தைவேலு குளிர் காய்ச்சலில் விழுந்தான். இரண்டு சாக்கு, ஒரு கம்பளி, அதன் மேல் மருதம்மாளின் பழைய சேலை எல்லாம் போட்டும் பல் கிட்டியது. கொய்னா மாத்திரை ஊரிலேயே இல்லை. வேப்பிலைக் கஷாயம்தான். உழவு நிற்கக்கூடாது என்று மொரிதா சொல்லிவிட்டதால், மாட்டுவண்டி ஓட்டும் முனியாண்டியை டிராக்டரில் ஏற்றினார்கள். முனியாண்டிக்கு ஐம்பத்தெட்டு வயது, ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. சயாமுக்கு ஆகாதவர் என்று ஏற்கெனவே கழித்துவிட்டார்கள். மாட்டுக்குச் சொல்வதைப்போல வண்டிக்கும் “ஹை ஹை” என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். ஓட்டினார் என்பதே பெரிய விஷயம்.

புதன்கிழமை காலை அவர் மருதம்மாளின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“தங்கச்சி, ஃபில்டரைக் கழுவுறேன்னு கழட்டுனேன். நட்டுக்கு அடியில செம்பு வாஷர் நாலு இருந்துச்சு. சேத்துல விழுந்துருச்சு, கண்டுபிடிக்க முடியல. அவன எழுப்பிக் கேக்கவா?”

“இப்பத்தான் கண்ணசந்தாரு. விடுங்கண்ணே. வாஷர்தானே, நான் வெட்டித் தர்றேன்.”

தோட்டத்தில் எது ஒழுகினாலும் ரப்பர்தான் மருந்து. கூரை ஒழுகினால் ரப்பர். வாளி ஓட்டையானால் ரப்பர். செருப்பு அடி, கதவுக் கீல், குழந்தையின் பந்து, எல்லாம் ரப்பர். புகையில் காய்ந்த ரப்பர் சீட்டில் ஒரு துண்டை எடுத்து, பால்வெட்டும் உளியால் நாலு வளையம் வெட்டினாள் மருதம்மாள். ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி வட்டம். முனியாண்டி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “உன் கையி கையிதான்” என்றார். அவளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான். அவள் போய் நெம்பை அடித்துக் கொடுக்க, முனியாண்டி எப்படியோ நட்டை இறுக்கி வண்டியைக் கிளப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, காட்டு நடுவில், டிராக்டர் இருமி இருமி நின்றது. டேங்கில் ஒரு சொட்டு இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் வரவேண்டிய எண்ணெய். மொரிதா சைக்கிளில் வந்தான். எண்ணெயைத் திருடி விற்றுவிட்டாய் என்று முனியாண்டியின் கன்னத்தில் இரண்டு அறை விட்டான். அவர் கீழே விழுந்து எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு மொரிதா அரைகுறை மலாயில் கிராணியிடம் என்னவோ சொன்னான். கிராணி அதைக் கேட்டுக்கொண்டு நேரே ஆட்களின் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்கு வந்தார்.

“மருதம்மா, நல்லாக் கேட்டுக்க. ஒரே ஒரு டின் டீசல் குடுத்திருக்கான். நாலு மணிக்கு லாரி வருது. அதுக்குள்ள வண்டி ஓடணும். ஓடலைன்னா, ஓடாத வண்டிக்கு டிரைவர் எதுக்குன்னு கேக்குறான். உன் புருஷன் பேருக்கு நான் போட்ட கோட்டை அழிச்சிரச் சொல்றான்.”

“அவரால நிக்கக்கூட முடியாதுங்கய்யா. இந்தக் காய்ச்சலோடயா ஏத்துவாங்க?”

“போன தடவை வேம்படிக்காரர் மவனை எப்படி ஏத்துனாங்க? பாயோட தூக்கிப் போட்டாங்க. நான் கண்ணால பாத்தேன்லா.” கிராணி அவளைப் பார்க்காமல் சொன்னார். “என்னால இதுக்கு மேல முடியாது, தாயி.”

முடியாது என்ற சொல் அவள் காதில் விழுந்தது. உள்ளே போய்ப் புருஷனைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். சேலையைத் தூக்கிச் செருகினாள். ஸ்பானர் பையை எடுத்துக்கொண்டு காட்டுக்கு நடந்தாள்.

முனியாண்டி டிராக்டர் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கன்னம் வீங்கியிருந்தது. “நான் திருடலை, தங்கச்சி” என்றார்.

“தெரியும்ணே. எந்திரிங்க. நீங்க பம்பு அடிங்க, நான் நட்டப் பாத்துக்கறேன்.”

ஆறு வருஷமாக நெம்பில் நின்றவள், அன்றைக்குத்தான் முதன்முதலாக நட்டின் பக்கம் வந்தாள். புருஷன் செய்ததை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து வரிசை மனப்பாடம். முதலில் ஃபில்டர், பிறகு பம்பு, கடைசியில் நாசிலுக்குப் போகும் பைப்பு. சிந்துகிற எண்ணெய் வீணாகக்கூடாது. இருப்பதே ஒரு டின். மரத்தில் பால் பிடிக்கிற மங்குகளை எடுத்து வந்து ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே வைத்தாள். டின்னைத் துணியில் வடிகட்டி டேங்கில் ஊற்றினாள். ஃபில்டர் நட்டைத் தளர்த்தினாள்.

“அடிங்கண்ணே.”

முனியாண்டி அடித்தார். சளசளவென்று நுரை வந்தது. வழக்கமாக இருபது முப்பது அடியில் நுரை நின்று எண்ணெய் கம்பியாக வரும். ஐம்பது அடித்தாயிற்று. நூறு அடித்தாயிற்று. நுரை நிற்கவில்லை. நிற்பதுபோல ஒரு நொடி காட்டிவிட்டு மறுபடியும் பொங்கியது. நிறைந்த மங்குகளை மறுபடி டேங்கில் ஊற்றி, மறுபடி அடித்தார்கள். முனியாண்டியின் கை மாறி, இரண்டாவது கையும் ஓய்ந்தது. சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது.

“இந்தச் சனியன் எங்கயோ காத்தை இழுக்குது” என்றார் முனியாண்டி.

மருதம்மாள் ஒவ்வொரு இணைப்பாக விரலால் தடவிக்கொண்டு போனாள். ஃபில்டர் நட்டின் அடியில் விரல் புதைந்தது. அவள் அழகாக வெட்டிய ரப்பர் வளையம், கஞ்சியில் ஊறிய அப்பளம்போல உப்பி, கொழகொழவென்று பிதுங்கிக்கொண்டிருந்தது. இழுத்தாள். பிசினாக நீண்டு கையோடு வந்தது. அடியில் மண் ஈரமாக இருந்தது. குனிந்து மோந்தாள். டீசல்.

டீசல் எங்கே போயிற்று என்று அவளுக்கு இப்போது விளங்கியது. யாரும் திருடவில்லை. இரண்டு நாளாக, அவள் வெட்டிய வளையத்தின் வழியாக, சொட்டுச் சொட்டாக உழவு சாலெல்லாம் ஒழுகியிருக்கிறது. முனியாண்டி வாங்கிய அறை அவள் வாங்க வேண்டியது. புருஷன் பெயருக்கு நேரே அழியப்போகிற கோடும் அவள் கையால் அழிகிற கோடு. அழுகை வந்தது. அழுதால் நேரம் போகும் என்று விழுங்கினாள்.

“அண்ணே, தப்பு என்மேல. உங்கமேல இல்ல.”

முனியாண்டி வளையத்தையும் அவளையும் பார்த்தார். “நானும்தானே பாத்து மெச்சுனேன்” என்றார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். நல்ல மனுஷன்.

அவள் லயத்துக்கு ஓடினாள். குழந்தைவேலுவின் நெற்றியில் கைவைத்து எழுப்பினாள்.

“ஏங்க, கண்ணைத் தொறங்க. நட்டுக்கு ரப்பர் வாஷர் போட்டா என்ன ஆவும்?”

காய்ச்சலிலும் அவன் முகம் சுளித்தது. “ரப்பருக்கு டீசல் ஆவாது. தின்னுரும். செம்பு... செம்புதான் போடணும். யாரு ரப்பர் போட்டது?”

“நான்தான் வெட்டிக் குடுத்தேன்.”

அவன் வறண்ட உதட்டில் சின்னதாகச் சிரிப்பு வந்தது. “வட்டமா வெட்டியிருப்பியே” என்றான். உடனே குளிர் வந்து அவனை உலுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு, “வெட்டினதும் நெருப்புல போட்டுச் செவக்க வை. தண்ணியில முக்கு. அப்பத்தான் மெத்துனு படியும்” என்று முடித்தான். பிறகு நினைவு தப்பியது.

செம்புக்கு எங்கே போவது? செம்பு, பித்தளை என்று வீட்டில் இருந்த குடம், குத்துவிளக்கு எல்லாவற்றையும் ஜப்பான்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டான். ஸ்டோரில் ஆணியும் துருவும்தான் மிச்சம். மருதம்மாள் வாசலில் வந்து நின்று யோசித்தாள். தலைக்கு மேல் அது தொங்கிக்கொண்டிருந்தது.

சயாம் பேச்சு கிளம்பியபோது, கோவில் பூசாரி ஆம்பளை இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு செப்புத் தகடு போட்டுக் கொடுத்தார். துரை பங்களாவின் பழைய வெந்நீர் அண்டா ஜப்பான்காரன் கண்ணில் படாமல் உடைந்து கிடந்தது, அதன் அடியில் வெட்டியது. நல்ல கனம். சுற்றிலும் கட்டம், நடுவில் ஆறு மூலை நட்சத்திரம், நட்சத்திரத்துக்குள்ளே வீட்டுக்காரன் பெயர். இந்தத் தகடு நிலையில் தொங்குகிற வீட்டிலிருந்து ஆளை யாரும் கொண்டுபோக முடியாது என்று சொல்லி, மூன்று நாள் பூஜையில் வைத்துக் கட்டினார். மருதம்மாள் வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்கு மஞ்சள் வைத்தாள். அன்று காலைகூட வைத்திருந்தாள்.

பெட்டியை இழுத்துப் போட்டு ஏறி, தகட்டைக் கழற்றினாள். பக்கத்து வீட்டு இராசாத்தி ஓடி வந்தாள். அவள் புருஷன் ராமையா மலையடி வரிசையில் மரம் சாய்க்கிறவன். கல்யாணமாகி ஒரு வருஷம்தான். அவர்கள் வீட்டு நிலையிலும் அதேபோல ஒரு தகடு.

“அக்கா, என்ன காரியம் பண்றீங்க? லாரி வர்ற நாளுல போயி அதக் கழட்டலாமா?”

“வாஷர் வெட்டணும்.”

“சாமி தகட்டுலயா? வேணாங்க்கா. வீட்டுக்கு ஆவாது. அண்ணன் படுத்துக் கெடக்காரு. அது ஒண்ணுதான் காவல்.”

மருதம்மாளுக்கும் பயம்தான். பயம் இல்லை என்று சொன்னால் பொய். “இராசாத்தி, இது தொங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அப்பவும் கோட்டை அழிக்கிறேன்னு சொல்லிட்டானே. சாமிகிட்ட நான் பேசிக்கறேன். நீ அடுப்பை மூட்டு” என்றாள்.

இராசாத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பை மூட்டினாள்.

ஸ்டோரிலிருந்து தகரம் வெட்டும் கத்தரியும் ஒரு அரமும் கொண்டுவந்தாள் மருதம்மாள். முதல் மூன்று வளையத்தையும் தகட்டின் ஓரத்தில் பார்த்துப் பார்த்து வெட்டினாள். கட்டத்தின் மேல் கத்தரி படாமல் வெட்டினாள். ஆணியால் நடுவில் துளைத்து, அரத்தால் ராவினாள். நாலாவதுக்கு ஓரத்தில் இடம் இல்லை. நடுவில்தான் இருந்தது. நட்சத்திரம், அதற்குள் ‘குழந்தைவேலு’. வேறு எப்படித் திருப்பி வைத்தாலும் வளையம் அந்தப் பெயரின் மேல்தான் விழுந்தது. அவள் வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தாள். சாமியைக் கும்பிட்டாளா, சாமியோடு சண்டை போட்டாளா என்று பக்கத்தில் இருந்த இராசாத்திக்குத் தெரியவில்லை. பெயரின் குறுக்கே கத்தரியை ஓட்டினாள்.

நாலு வளையமும் அடுப்பில் சிவந்தன. இடுக்கியால் எடுத்துத் தண்ணீரில் போட்டாள். சுர்ரென்று அடங்கின.

மறுபடியும் டிராக்டர். மணி இரண்டரை தாண்டியிருக்கும். ரப்பர்ப் பிசினை மண்ணெண்ணெய்த் துணியால் சுரண்டித் துடைத்து, செப்பு வளையங்களைப் போட்டு இறுக்கினாள். அரை டின் எண்ணெய்தான் மிச்சம்.

“அடிங்கண்ணே.”

நுரை வந்தது. பதினெட்டாவது அடியில் நுரை நின்றது. எண்ணெய் கம்பியாக வந்தது. இறுக்கினாள். பம்பு நட்டைத் திறந்தாள், நுரை, எண்ணெய், இறுக்கினாள். நாசில் பைப்பின் நட்டைத் திறந்தாள். அங்கே எண்ணெய் துளித் துளியாகத் துப்பியது. இறுக்கினாள். இன்னும் நாலு அடி அடிக்கச் சொல்லிவிட்டுச் சிலிண்டரில் காதை வைத்தாள். உள்ளே ‘கிர்ர்க்’ என்று ஒரு சத்தம். நாசில் எண்ணெயைச் சீறுகிற சத்தம். குழந்தைவேலு இந்தச் சத்தத்துக்காகத்தான் எப்போதும் காதை வைப்பான் என்று அவளுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் அவளே கேட்டாள்.

அழுத்தத்தை விடுவிக்கிற சின்ன நெம்பைத் தூக்கிப் பிடித்தாள். முனியாண்டி ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். என்ஜின் சக்கரம் வேகம் பிடித்தது. நெம்பை விட்டாள். டொப். நின்றது. மறுபடி. டொப், டொப். நின்றது. மூன்றாவது தடவை முனியாண்டி, “ஹை, ஹை” என்று சொல்லிக்கொண்டே சுற்றினார். கரும்புகை கக்கி, டிராக்டர் பிடித்துக்கொண்டது. முனியாண்டி மண்ணில் உட்கார்ந்து, வீங்கின கன்னத்தோடு சிரித்தார்.

சத்தம் கேட்டு மொரிதாவும் கிராணியும் வந்தார்கள். சாலையில் லாரியும் வந்து நின்றிருந்தது. மொரிதா ஓடுகிற வண்டியைச் சுற்றிவந்தான். “பகுஸ்”, நல்லது, என்றான். மருதம்மாளின் எண்ணெய்க் கையைப் பார்த்தான். முனியாண்டியைப் பார்த்தான். பிறகு கிராணியிடம் சொன்னான். கிராணியின் முகம் செத்துப்போயிற்று.

“என்னங்கய்யா?”

“நல்ல வேலைங்கிறான். வண்டியை இந்தக் கிழவனும் இந்தப் பொம்பளையுமே பாத்துக்கலாமாம். அப்ப டிரைவர் எதுக்கு, அவனை லாரியில ஏத்துங்கிறான்.”

காலையிலிருந்து மருதம்மாள் பட்ட பாடெல்லாம் புருஷனுக்கு எதிராகவே திரும்பிவிட்டது. கெஞ்சினால் ஆகாது என்று அவளுக்குத் தெரியும், போன தடவை கெஞ்சியவர்களைப் பார்த்திருக்கிறாள். அவள் மொரிதாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். துணியால் துடைப்பதுபோல நாசில் பைப்பின் மேல் ஸ்பானரை வைத்து, நட்டை அரைத் திருகு தளர்த்தினாள்.

டிராக்டர் நின்றது. காடு திடீரென்று அமைதியானது. முனியாண்டியின் நல்ல கண் அவள் கையைப் பார்த்துவிட்டது.

மொரிதா கத்தினான். கிளப்பு என்று கை காட்டினான். முனியாண்டி எழுந்து, ஒன்றும் தெரியாதவர்போல மளமளவென்று பம்பை அடித்தார். மருதம்மாள் ஃபில்டரைத் திறந்தாள், மூடினாள், பம்பைத் திறந்தாள், மூடினாள். தளர்ந்த நட்டை மட்டும் தொடவில்லை. ஹேண்டிலைச் சுற்றினார்கள். வண்டி மூச்சுவிடவில்லை. மறுபடியும் சுற்றினார்கள். லாரிக்காரன் சாலையிலிருந்து ஹாரன் அடித்தான்.

“கிராணியய்யா, அவன்கிட்டச் சொல்லுங்க. இது ரெண்டு ஆளு வண்டி. நான் பம்பு அடிக்கத் தெரிஞ்சவ, அவ்வளவுதான். நட்டுல என் புருஷன் கை இருக்கணும். இல்லன்னா இப்படித்தான், கிளம்பும், நின்னுரும். அவரைச் சயாமுக்கு அனுப்பிட்டா நாளைக்கு இது இரும்புதான்.”

கிராணி சொன்னார். மொரிதா அவளை முறைத்துப் பார்த்தான். அடி விழும் என்று அவள் தாடையை இறுக்கிக்கொண்டாள். அடி விழவில்லை. ஆளைக் கொண்டுவா என்றான்.

முனியாண்டி லயத்துக்குப் போய், குழந்தைவேலுவை முதுகில் சுமந்துகொண்டு வந்தார். கம்பளியோடு சக்கரத்துப் பக்கம் உட்கார வைத்தார். குழந்தைவேலுவின் கண் பாதிதான் திறந்திருந்தது. மருதம்மாள் ஸ்பானரை அவன் கையில் வைத்து, அவன் விரல்களை மூடி, “நாசில் பைப்பு” என்று காதில் சொன்னாள். பிறகு தன் பழைய இடத்துக்கு, நெம்புக்கு, வந்தாள். அடித்தாள். அவன் விரலால் நட்டைத் தடவினான். அது தளர்ந்திருப்பது அவனுக்குத் தெரிந்தது. தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். எண்ணெய் துப்பியதும், இரண்டு கையாலும், உடம்பு முழுவதும் நடுங்க, இறுக்கினான்.

முனியாண்டி சுற்றினார். இந்தத் தடவை முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. மொரிதா கிராணியின் கையிலிருந்த பட்டியலை வாங்கி, குறுக்குக்கோட்டுக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

கதை இங்கே முடிந்திருந்தால் மருதம்மாளுக்கு நல்லது. ஆனால் இருபது பேர் கேட்ட லாரி பத்தொன்பது பேரோடு போகுமா? குழந்தைவேலுவின் கோடு அழிந்துவிடும், அவனோடு இருபது ஆகிவிடும் என்று நினைத்துக் காலையிலேயே பத்தொன்பது பேரைத்தான் நிறுத்தி வைத்திருந்தார்கள். மொரிதா விரலைப் பட்டியலில் ஓட்டினான். அடுத்த பெயர் ராமையா. மரம் சாய்த்துக்கொண்டிருந்தவனை, கோடரியைக் கீழே போடச் சொல்லிக் கூட்டிவந்தார்கள். இராசாத்தி லாரிக்குப் பின்னால் சாலை வளைவு வரைக்கும் ஓடினாள். அவள் வீட்டு நிலையில் தகடு ஒரு கீறல் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

மருதம்மாள் இதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. நினைத்திருந்தால் அந்த நட்டைத் தளர்த்தியிருக்கமாட்டாளா என்று பிற்பாடு பல நாள் தன்னையே கேட்டுக்கொண்டாள். தளர்த்தியிருப்பேன் என்றுதான் ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது. அந்தப் பதில்தான் அவளை அரித்தது. இராசாத்தியின் துண்டு நிலத்தை முதலில் உழச் சொல்லிப் புருஷனிடம் சொன்னாள். மரவள்ளி பிடுங்கினால் முதல் கூடை அந்த வீட்டுக்குப் போயிற்று. இராசாத்தி வாங்கிக்கொள்வாள். பேசமாட்டாள்.

அடுத்த வருஷம் வைகாசியில் செப்பு வளையங்கள் நைந்துபோயின. எத்தனை தடவைதான் சுட்டு நனைத்துப் போடுவது? ஃபில்டர் மறுபடி கசிந்தது. மூன்றாவது பட்டியல் வருகிறது என்று பேச்சு. மிச்சமிருந்த தகட்டில் ஒரு வளையத்துக்குக்கூட இடமில்லை. மருதம்மாள் வாசலில் உட்கார்ந்து அந்தத் துண்டை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள். அப்போது இராசாத்தி வந்தாள். கையில் அவள் வீட்டுத் தகடு.

“இதுல வெட்டிக்கங்க” என்றாள். பத்து மாதத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு.

“இராசாத்தி, வேணாம்டி. இதுல நான் எப்படிக் கை வைப்பேன்?”

“வீணாத்தானே தொங்குது. என் வீட்டு ஆளைத்தான் அது காக்கல. உங்க வீட்டு ஆளாவது இருக்கட்டும். அண்ணன் இருந்தாத்தானே எனக்கும் உழவு நடக்கும்.” மடியில் தகட்டைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். “வெட்டுங்க. நான் அடுப்பை மூட்டுறேன்.”

மருதம்மாள் தகட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் புருஷன் பெயரின் மேல் ஓட்டிய கத்தரி இப்போது ஓடவில்லை. ஓரத்தில் மூன்றுதான் வரும். நாலாவதுக்கு நடுவில், ராமையாவின் பெயர் மேல், வெட்ட வேண்டும். அவள் எழுந்து உள்ளே போனாள். நைந்த பழைய வளையங்களில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கினாள். அதை இன்னொரு தடவை சுடலாம், இரண்டு மாதம் தாங்கும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். மூன்று வளையம் மட்டும் வெட்டினாள். நடுவில் நட்சத்திரமும் பெயரும் ஒரு கோடு குறையாமல் இருந்த துண்டை, கூர்முனை போக அரத்தால் சுற்றிலும் ராவி, மேலே ஒரு துளை போட்டாள். இராசாத்தியின் வீட்டுக்குப் போய், பெட்டி மேல் ஏறி, பழைய ஆணியிலேயே அதைத் திரும்ப மாட்டினாள். இராசாத்தி கீழே நின்று பெட்டி ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.